கதைக்குள் கதை: கொங்கு நாடு (சேலம், நாமக்கல் சமவெளி)

ஒரு பெருங்கதையைச் சட்டமாக வைத்து, அதன் மாந்தர் வாயிலாகப் பல கிளைக்கதைகளைச் சொல்லிச் செல்லும் இலக்கிய வகை. இவ்வகைத் தொகுதிகளில் சூழ்ச்சியும் மாறுவேடமும் சொற்புரட்டும் நிறைந்த கதைகளே மிகுதி. வடமொழியில் பஞ்சதந்திரம், வேதாளக் கதைகள், சோமதேவரின் கதாசரித்சாகரம் ஆகியனவும், அரபு மொழியில் ஆயிரத்தொரு இரவுகளும் இதன் புகழ்பெற்ற வடிவங்கள். தமிழில் இம்மரபோடு தொடர்புடைய மிகப் பழைய பெருநூல் கொங்கு மண்டலத்தில் தோன்றியது என்பது இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

சேலம், நாமக்கல் சமவெளி பழைய கொங்கின் கிழக்குப் பகுதி. கொங்கின் 24 நாடுகளுள் கீழ்க்கரைப் பூந்துறை நாடு, இராசிபுர நாடு முதலியவை காவிரியின் கிழக்கே இங்கு அமைந்தவை. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கீழே சொல்லப்படும் நூல்களுள் சில இச்சமவெளியிலேயே பிறந்தவை அல்ல. காவிரியின் மேற்கே குறுப்பு நாட்டில் பிறந்தவற்றையும், சென்னையில் அச்சாகி இங்கே சந்தையில் விற்றவற்றையும் சேர்த்தே வரலாற்றைச் சொல்ல முடிகிறது.

தொன்மைக் குறிப்புகள்

சங்கப் பாடல்கள் கொல்லிமலையில் இருந்த ஒரு பாவையைப் பேசுகின்றன. பெண் வடிவில் செய்யப்பட்ட அப்பாவை தன் அழகாலும் சிரிப்பாலும் காண்போரை மயக்கிக் கொல்லும் என்பது நம்பிக்கை. அது தெய்வம் செய்தது என்பார் உண்டு. விசையால் இயங்கிய பொறி என்பாரும் உண்டு. நாமக்கல் வட்டாரத்தின் வஞ்சகக் கதைகளுள் இதுவே மிகப் பழையது எனலாம். ஆயினும் இதைச் சுற்றித் தொடர்கதை எதுவும் எழுந்ததாகச் சான்றில்லை. விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் 32 பதுமைகள் வாய் திறந்து கதை சொல்கின்றன. கொல்லிப்பாவையோ சிரித்ததோடு நின்றுவிட்டது.

கோசம்பி மன்னன் உதயணனின் கதையும் தமிழர்க்குப் பழங்காலத்திலேயே அறிமுகமானது. அமைச்சன் யூகி தன் அரசனை மீட்க மாற்றுருவில் உஞ்சை நகருக்குள் நுழைந்ததை மணிமேகலை உவமையாகவே எடுத்தாள்கிறது. உவமையாகச் சொன்னால் போதும், கேட்போர்க்கு விளங்கும் என்ற அளவுக்கு அக்கதை அன்று பரவியிருந்தது.

பெருங்கதை

இம்மரபின் நடுநாயகமான நூல் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை. குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகக் கூறப்படும் பிருகத்கதையே இதன் மூலம். அந்த மூலநூல் இன்று இல்லை. ஏழு லட்சம் பாடல்களில் ஆறு லட்சத்தைக் குணாட்டியர் காட்டில் விலங்குகளுக்குப் படித்துக் காட்டியபடியே தீயில் இட்டார் என்பது வழிவழிக் கதை. காஷ்மீரத்தில் 11ஆம் நூற்றாண்டில் க்ஷேமேந்திரரும் சோமதேவரும் செய்த வடமொழிச் சுருக்கங்கள், புதசுவாமியின் சுலோகச் சுருக்கம், பிராகிருதத்தில் சமணர் எழுதிய வசுதேவஹிண்டி ஆகியவற்றோடு தமிழ்ப் பெருங்கதையும் அந்த இழந்த மூலத்தை ஊகிக்க உதவும் சாட்சிகளுள் ஒன்று.

கங்க மன்னன் துர்விநீதன் பிருகத்கதையை வடமொழியில் ஆக்கினான் என்று செப்பேட்டுச் சான்று கூறுகிறது. கங்கருக்கும் கொங்குக்கும் இருந்த நெருக்கத்தை எண்ணி, கொங்குவேளிர் துர்விநீதனின் நூலையே தழுவினார் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அந்த வடமொழி நூலும் கிடைக்காமையால் இது முடிந்த முடிபன்று. பெருங்கதையின் காலம் குறித்தும் ஒருமித்த கருத்தில்லை. 6ஆம் நூற்றாண்டு தொடங்கி 10ஆம் நூற்றாண்டு வரை பல காலங்கள் சொல்லப்பட்டுள்ளன.

ஆசிரியரின் ஊர் இன்றைய ஈரோடு மாவட்டத்து விசயமங்கலம் என்பர். அவ்வூர்க் கார்மேகக் கவிஞர் பாடிய கொங்குமண்டல சதகம் இதற்கு ஆதாரம். வேளிரின் நூலில் புலவர்கள் குற்றம் கண்டபோது, அவர் வீட்டுப் பணிப்பெண்ணே அவர்களுக்கு விடை சொல்லி வாயடைத்தாள் என்றொரு செய்தியும் அம்மரபில் வழங்குகிறது. இதை வரலாறு என்று கொள்ளக் காரணம் இல்லை. ஆனாலும் சூழ்ச்சியையும் மதிநுட்பத்தையும் போற்றும் ஒரு நூலுக்கு அதன் ஆசிரியர் வீட்டிலிருந்தே இப்படி ஒரு கதை முளைத்திருப்பது பொருத்தமே. சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்குநல்லாரும் அருகிலுள்ள நிரம்பையைச் சேர்ந்தவர் என்பது மரபு. அவர் தம் உரையில் பெருங்கதையைப் பெருமதிப்போடு குறிப்பிடுகிறார்.

நூல் ஆசிரியப்பாவால் ஆனது. உஞ்சைக் காண்டம், இலாவாண காண்டம், மகத காண்டம், வத்தவ காண்டம், நரவாண காண்டம் என ஐந்து காண்டங்கள் கிடைக்கின்றன. உஞ்சைக் காண்டத்தின் முதல் 31 பகுதிகளும் நூலின் இறுதியும் அழிந்துபோயின. உ. வே. சாமிநாதையர் 1924இல் இதை முதன்முதலாக அச்சேற்றினார். இழந்த பகுதிகளின் கதையைப் பிற்காலச் சிறுநூலான உதயணகுமார காவியம் கொண்டே அறிகிறோம்.

கதையின் சூழ்ச்சிகளை வரிசையாகச் சொன்னால் அதன் இயல்பு விளங்கும். கோசம்பி மன்னன் உதயணன் யாழிசையால் யானைகளை வசப்படுத்த வல்லவன். உஞ்சை மன்னன் பிரச்சோதனன் ஒரு பொறி யானையைச் செய்வித்து, அதன் உள்ளே வீரரை ஒளித்துக் காட்டில் விடுகிறான். மெய்யான யானை என்று எண்ணி யாழோடு அணுகிய உதயணன் பிடிபடுகிறான். திராய் நகருக்குள் நுழைந்த மரக்குதிரையோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. அங்கே ஏமாந்தது ஒரு நகரம். இங்கே ஏமாந்தவன் யானையின் மனத்தை அறிந்தவன் என்று பெயர் பெற்ற ஒருவன். அவன் வித்தையையே அவனுக்கு வலையாக்கியதில்தான் இச்சூழ்ச்சியின் கூர்மை இருக்கிறது.

பதிலடி யூகியுடையது. தான் இறந்துவிட்டதாக ஊரெங்கும் செய்தி பரப்பிவிட்டு மாற்றுருவில் உஞ்சை செல்கிறான். பிரச்சோதனனின் பட்டத்து யானை நளகிரி அவன் செயலால் வெறிகொண்டு நகரைக் கலக்குகிறது. அடக்க வல்லவன் சிறையில் இருக்கும் உதயணன் ஒருவனே என்பதால் அரசன் அவனை விடுவிக்க வேண்டியதாகிறது. யானையை அடக்கியவன் அரசன் மகள் வாசவதத்தைக்கு யாழாசிரியன் ஆகிறான். நீராட்டு விழா நாளில் ஊரில் தீ எழ, அந்தக் குழப்பத்தில் உதயணன் வாசவதத்தையைப் பத்திராபதி என்னும் பெண்யானை மீதேற்றிக்கொண்டு தப்புகிறான். வழியில் அந்த யானை வீழ்ந்து இறக்கிறது. இதற்கெனவே புலவர் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். அரசர்கள் பகடைக்காயாகப் பயன்படுத்திய விலங்குக்குத் தமிழ்க் காப்பியங்களில் கிடைத்த அரிய மரியாதைகளுள் இது ஒன்று.

இலாவாணத்தில் யூகியின் இரண்டாம் சூழ்ச்சி நடக்கிறது. மனைவியின் காதலில் மூழ்கி ஆட்சியை மறந்த உதயணனைத் தட்டி எழுப்ப வேண்டும். பகை மன்னன் ஆருணி கைப்பற்றிய கோசம்பியை மீட்க மகத நாட்டின் துணை வேண்டும். அரண்மனைக்குத் தீயிட்டு வாசவதத்தை எரிந்துவிட்டாள் என்று நம்பவைத்து, அவளைச் சாங்கியத்தாய் என்னும் தவமூதாட்டியோடு மறைவாக வாழச் செய்கிறான். இறந்தோரை மீட்டுத் தரும் முனிவர் இராசகிரியத்தில் இருக்கிறார் என்று நண்பர்கள் சொல்ல, உதயணன் மகதத்துக்குப் புறப்படுகிறான். அங்கே பதுமாபதியைக் கண்டு மணக்கிறான். துயரமே அவனைச் சூழ்ச்சிக்காரர் விரும்பிய இடத்துக்கு இட்டுச் செல்கிறது. இந்நூலில் அரசனை ஏமாற்றுவோர் அவன் பகைவர் மட்டுமல்லர். அவனை மிகவும் நேசிப்பவர்களே பெரிய பொய்களைச் சொல்கிறார்கள். தந்திரத்தை அறத்தின் பக்கம் நிறுத்திப் பார்க்கும் இந்தத் துணிவு பெருங்கதைக்கே உரிய சிறப்பு.

வத்தவ காண்டத்தின் முகவெழுத்துக் காதை தனியே குறிக்கத்தக்கது. வாசவதத்தை உயிரோடு திரும்பிய பின், உதயணன் மானனீகை மீது காதல் கொள்கிறான். அவள் வாசவதத்தைக்கு ஒப்பனை செய்யும் பணியில் இருப்பவள். வாசவதத்தையை அலங்கரிப்பவன்போல் அவள் நெற்றியில் யவன எழுத்தில் தன் செய்தியைத் தீட்டுகிறான். அந்த எழுத்தை அறியாத அரசி அதை அழகு வேலை என்று எண்ணிச் செல்கிறாள். மானனீகை படித்துவிட்டு, ஒப்பனையைத் திருத்தும் சாக்கில் பதிலையும் அங்கேயே எழுதி அனுப்புகிறாள். கணவனின் கள்ளக் கடிதத்தை மனைவியே சுமந்து செல்கிறாள். குறும்பும் கொடுமையும் இத்தனை நெருக்கமாக அமைந்த காட்சி தமிழ்க் கதை மரபில் மிகக் குறைவு.

பெருங்கதையைக் கதைக்குள் கதை வகையில் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சோமதேவரிடம் காணும் அடுக்கடுக்கான கிளைக்கதைகள் இதில் இல்லை. உதயணன் வரலாறே நேராக ஓடுகிறது. தொடக்கம் அழிந்ததால் குணாட்டியரைப் பற்றிய முன்கதை இதில் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

இடைக்காலம்

வீரமார்த்தாண்ட தேவர் பஞ்சதந்திரத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். கொங்கில் எழுந்ததாக இக்காலத்துக் கதைத் தொகுதி எதுவும் புகழ்பெறவில்லை.

அச்சுக் காலமும் பெரிய எழுத்தும்

தாண்டவராய முதலியாரின் உரைநடைப் பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. பாபிங்டன் தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலமாக்கி 1831இல் லண்டனில் வெளியிட்டார். மதனகாமராஜன் கதையை நடேச சாஸ்திரி 1886இல் ஆங்கிலத்தில் தந்தார். அதில் அமைச்சன் மகன் கதை சொல்லிச் சொல்லியே காலம் கடத்துகிறான், கதைகள் 12. அவரே மொழிபெயர்த்த அளகேசன் கதையில் அரசியின் மேல் விழுந்த பாம்பின் நஞ்சைத் துடைத்த அமைச்சன் மீது பழி விழுகிறது. நான்கு அமைச்சர்களும் அவசரத் தீர்ப்பின் கேட்டைச் சொல்லும் கதைகளால் தண்டனையைத் தள்ளிப்போடுகிறார்கள். காணாமல்போன ஒட்டகம் ஒரு கண் குருடு, ஒரு கால் நொண்டி என்று தடம் பார்த்தே சொன்ன நால்வர் இவர்கள்தாம். பள்ளிப் பாடங்களின் வழியே தமிழ்க் குழந்தைகள் பலர் இவர்களைப் பெயர் அறியாமலே அறிவர்.

இக்கதைகள் ஊர்களை எட்டியது பெரிய எழுத்துப் புத்தகங்களால். சென்னை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மலிவான தாளில் அச்சிட்ட இவை சந்தைகளிலும் தேர்த் திருவிழாக்களிலும் விற்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து வாசிக்க, மற்றவர் கேட்பது வழக்கம்.

இவற்றுள் விக்கிரமாதித்தன் கதைக்கே செல்வாக்கு மிகுதி. அதில் பட்டி என்னும் அமைச்சன் செய்யும் கணக்கு இன்றும் பேச்சில் வாழ்கிறது. விக்கிரமாதித்தனுக்கு இந்திரன் ஆயிரம் ஆண்டு ஆட்சி வரம் தருகிறான். பட்டி காளியிடம் நீண்ட ஆயுள் கேட்கிறான். அவள் அரசனின் தலையை விலையாகக் கேட்கிறாள். அரசன் மறுக்காமல் தலை கொடுக்க, பட்டிக்கு இரண்டாயிரம் ஆண்டு கிடைக்கிறது. உடனே அவன் சிரித்து, ஆயிரம் ஆண்டு வரம் பெற்றவனே இன்று மாண்டான், உன் வரத்தை எப்படி நம்புவது என்று கேட்க, காளி அரசனை உயிர்ப்பிக்கிறாள். மீதமிருப்பது ஆயிரம் ஆண்டு வித்தியாசம். காடாறு மாதம் நாடாறு மாதம் இருந்தால் அரசனின் ஆயிரம் இரண்டாயிரமாகும் என்று பட்டி அதையும் தீர்த்துவைக்கிறான். தெய்வத்தின் சொல்லைத் தெய்வத்துக்கே எதிராகத் திருப்பும் இந்த வாதம், தொகுதி முழுவதிலும் மிகச் சிறந்தது.

இக்கதைகளுக்கு மாறாக, சேலம், நாமக்கல் வட்டாரத்துத் தெருக்கூத்து பெரும்பாலும் பாரதக் கதைகளையே ஆடுகிறது.

திரைப்படம்

திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த இந்நிறுவனம் பெரிய எழுத்துக் கதைகளின் உலகை வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்தது. வி. என். ஜானகி நடித்த ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’ 1947இல் வந்தது. புதிர்களுக்கு விடை சொல்லத் தவறும் மணமகன்களின் தலையை வாங்கும் அரசகுமாரியின் கதை அது. பாரசீகத்துக் குல்-சனோபர் கதையோடு இதற்கு உறவுண்டு என்பர். ‘மந்திரி குமாரி’ (1950) குண்டலகேசியைத் தழுவியது. மலையிலிருந்து தன்னைத் தள்ளிக் கொல்ல வந்த கணவனை, மும்முறை வலம்வர இசைவு கேட்டு நாயகி முந்திக்கொண்டு தள்ளும் பழைய தந்திரம் அதன் உயிர்நாடி. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் கேவா கலரில் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுவே. அலிபாபா கதை அரபு மூலச் சுவடிகளில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் கலாண், சிரியாவைச் சேர்ந்த ஹன்னா தியாப் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டுச் சேர்த்தது. சுந்தரம் 1963இல் மறைந்தார்.

அண்மைக் காலம்

பெருங்கதைக்குப் பொ. வே. சோமசுந்தரனார் எழுதிய உரையைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்டது. ஆர். விஜயலட்சுமியின் ஆய்வு நூலை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1981இல் பதிப்பித்தது. மூலபாடம் இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் உ. வே. சாமிநாதையரின் உரைநடைச் சுருக்கமான உதயணன் சரித்திரச் சுருக்கத்தை முதலில் படித்துவிட்டு, பின்னர் இலாவாண காண்டத்துக்கும் முகவெழுத்துக் காதைக்கும் செல்வது நல்லது.