முதுகில் ஒரு பாராட்டு

இங்கே புனேயில் கூட வேலை பார்க்கும் மராட்டிக்காரர் ஒருவர் நாவல் எழுதியிருக்கிறார். சந்தோஷமான விஷயம். கூடவே வாட்ஸப்பில் ஒரு பட்டியலும் வந்தது. புத்தகத்தைப் பற்றி ஃபேஸ்புக்கில், இன்ஸ்டாகிராமில் யார் யார் என்ன போட வேண்டும் என்று ஆளுக்கு இரண்டு வரி அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்தது, "ஒரே மூச்சில் படித்து முடித்தேன்". புத்தகம் இன்னும் அச்சகத்தை விட்டே வரவில்லை :-) கைக்கு வரட்டும், படித்துவிட்டு நானே எழுதுகிறேன் என்று பதில் போட்டேன்.

ஆனால் அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பேர் தெரியாத ஆளின் முதல் புத்தகத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? தெரிந்த பேர் ஒன்று கைகாட்டினால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் கைகாட்டும் வேலைக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது.

1855ல் அமெரிக்காவில் வால்ட் விட்மன் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' என்ற கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் போட்டார். ஒரு பிரதி எமர்சனுக்குப் போனது. அந்தக் காலத்தில் எமர்சன் சொன்னால் ஊரே கேட்கும். அவர் மனம் திறந்து பாராட்டிக் கடிதம் எழுதினார். விட்மன் என்ன செய்தார் தெரியுமா? அனுமதி கேட்காமலே அந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் வரவைத்தார். 1856ல் வந்த இரண்டாம் பதிப்பில், அதிலிருந்து ஒரு வரியை எமர்சன் பேரோடு புத்தகத்தின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்தார். முதல் பதிப்பில் 12 கவிதைகள், இரண்டாவதில் 32. புதிதாகச் சேர்ந்த 20க்கும் அந்தப் பழைய பாராட்டே சேர்த்து ஓடியது! போதாததற்கு, பேர் போடாமல் தன் புத்தகத்துக்குத் தானே மதிப்புரைகளும் எழுதிக்கொண்டார். போலிக் கணக்கில் ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களுக்கு அவர்தான் மூத்த அண்ணன்.

இந்த மாதிரி அட்டைப் பாராட்டுக்கு ஆங்கிலத்தில் 'ப்ளர்ப்' என்று பேர். அது கிண்டலாகப் பிறந்த வார்த்தை. 1907ல் ஜெலட் பர்ஜஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளர், புத்தக வியாபாரிகளின் விருந்துக்காகத் தன் புத்தகத்துக்கு ஒரு விசேஷ அட்டை தயாரித்தார். அதில் வாயருகே கை வைத்துக் கூவும் ஒரு பெண். அவள் பேர் பெலிண்டா ப்ளர்ப். கிண்டல் மறந்துவிட்டது, பேர் நிலைத்துவிட்டது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1935ல் லண்டனில் இரண்டு இந்தியர்களின் முதல் நாவல்கள் வெளிவந்தன. முல்க்ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' 19 பதிப்பகங்களிலிருந்து திரும்பி வந்த பிறகு, இ.எம்.ஃபார்ஸ்டரின் முன்னுரையோடு அச்சேறியது. ஆர்.கே.நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' பல இடங்களில் நிராகரிக்கப்பட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் மூலம் கிரஹாம் கிரீன் கைக்குப் போனது. நாராயணின் முகத்தைக்கூடப் பார்த்திராத கிரீன், பதிப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார். புத்தகம் சரியாக விற்கவில்லை. கிரீன் விட்டுவிடவில்லை. வேறு பதிப்பகம் போட்ட அடுத்த நாவலுக்கு, 1937ல், முன்னுரையே எழுதினார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ஃபார்ஸ்டரும் கிரீனும் முதலில் படித்தார்கள், பிறகு தங்கள் பேரைப் பணயம் வைத்தார்கள். பாராட்டுக்கு மதிப்பு வருவது அந்தப் பணயத்தால்தான். படிக்காமல் போடும் இரண்டு வரியில் பணயம் எதுவும் கிடையாது.

நம் ஆட்கள் இதற்கு எப்போதோ விதி எழுதி வைத்துவிட்டார்கள். பவணந்தி முனிவரின் நன்னூலைப் பாருங்கள். எவ்வளவு பெரிய புலவனானாலும் தன் நூலைத் தானே புகழக்கூடாது. சிறப்புப்பாயிரம் எழுதத் தகுதியானவர்கள் நாலே பேர்: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். அதாவது, ஆளையோ நூலையோ உள்ளும் புறமும் அறிந்தவர்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் சொன்ன பனம்பாரனார், தொல்காப்பியரோடு கூடப் படித்தவர் என்பார்கள். பாயிரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. எழுதியவர் பேர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பேர், யாப்பு, சொல்லும் பொருள், யார் படிக்கலாம், படித்தால் என்ன பயன் என்று எட்டு விஷயம். 'அருமை', 'அற்புதம்' இந்த எட்டில் இல்லை!

தற்புகழ்ச்சிக்குச் சில விலக்குகளும் நன்னூலில் உண்டு. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருந்தால் சொல்லிக்கொள்ளலாமாம். ஃபேஸ்புக்குக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன் :-)

இப்போது காற்று கொஞ்சம் திரும்புகிறது. காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு சமூக வலைத்தளங்களில் சிபாரிசு செய்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 ஜனவரியில், அட்டைப் பாராட்டு வாங்கி வரும்படி எழுத்தாளர்களை இனிக் கட்டாயப்படுத்தப் போவதில்லை என்று அமெரிக்காவின் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தின் முக்கியப் பிரிவு அறிவித்தது. நண்பர்களிடம் கையேந்தும் நேரத்தில் எழுத்தாளர் எழுதலாமே என்பது அவர்கள் வாதம்.

முழுக்க நிறுத்தச் சொல்ல மாட்டேன். கைகாட்ட ஆள் இல்லாமல் போயிருந்தால் மால்குடி லண்டன் போய்ச் சேர்ந்திருக்காது. புதுசாக எழுத வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நூறு பேருக்கு இரண்டு வரி அனுப்புவதை விட, நாலு பேருக்குப் புத்தகத்தை அனுப்புங்கள். படிக்க நேரம் கொடுங்கள். பிடித்திருந்தால் எட்டில் கடைசி இரண்டை மட்டுமாவது எழுதச் சொல்லுங்கள்: இதை யார் படிக்கலாம், படித்தால் என்ன கிடைக்கும். வாங்குகிறவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.