மட்டியின் பெயர் பெற்ற அறுவை

சுருங்கி இறுகிப்போன சிறுநீர்ப்பையைக் குடல்துண்டு வைத்துப் பெரிதாக்கும் அறுவைக்குப் புத்தகப் பெயர் ‘சிஸ்டோபிளாஸ்டி’. கிரேக்கத்தில் ‘கிஸ்டிஸ்’ என்றால் பை. ‘பிளாஸ்ஸைன்’ என்றால் பிசைந்து உரு வனைதல். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டரும் அந்த வேரில் கிளைத்தவையே. இதன் ஒரு வகைக்குப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் வழங்கும் பெயரோ ‘கிளாம்’. நம் கடற்கரையில் மட்டி என்போமே, அதுதான்.

1982இல் பிராம்பிள் என்ற ஆங்கில மருத்துவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இம்முறை பரவியது. சிறுநீர்ப்பையை முன்பாதி, பின்பாதி எனக் கிட்டத்தட்ட அடிவரை பிளப்பார்கள். அப்போது அது வாய் திறந்த மட்டிபோல் கிடக்கும். பிறகு ஏறக்குறைய 25 செ.மீ. சிறுகுடலை, இரத்த ஓட்டம் அறாமல் பிரித்தெடுத்து, நீளவாக்கில் கீறி விரித்து, அந்தப் பிளவில் வைத்துத் தைப்பார்கள். குடலைக் குழாயாகவே விட்டால் அது தன் வழக்கப்படி சுருங்கிச் சுருங்கி அழுத்தும். விரித்துத் தைத்தால் அந்த வேகம் தணியும். மருத்துவர் குட்வின் 1959இலேயே குடலைக் கிண்ணம்போல் மடித்து ஒட்டுப்போட்டுக் காட்டியிருந்தார்.

‘கிளாம்’ என்ற சொல்லின் பழைய ஆங்கிலப் பொருள் கட்டு, இறுகிய பிடி. ஓட்டை இறுக மூடிக்கொள்வதால் மட்டிக்கு அப்பெயர் வந்தது. நினைத்தபோதெல்லாம் இறுகும் சிறுநீர்ப்பையை அந்தப் பிடியிலிருந்து விடுவிக்கும் அறுவைக்கு அதே சொல் வாய்த்தது. கிரேக்கப் பெயரைவிட இதுவே நல்ல பெயர் என்பேன்; கத்தி எங்கே போகிறது என்பதை நோயாளிக்கும் காட்டிவிடுகிறது.

ஆனால் அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையை இந்தப் பெயர் சொல்வதில்லை. குடல் தன் சளியை விடாமல் சுரக்கும், பையைக் கழுவிவிட வேண்டும், கல் சேரலாம். பலருக்குத் தானாகச் சிறுநீர் முழுதும் வெளியேறாது. நாள்தோறும் பலமுறை தாமே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். சுத்தமான கையே போதும் என்று 1972இல் மருத்துவர் லாப்பிடெஸ் நிறுவியதால்தான் அது வீட்டிலேயே கைகூடியது. கீழ்வழியே செருக இயலாதவர்களுக்காகப் பிரான்சின் மருத்துவர் மித்ரோஃபனாஃப், குடல்வாலை வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்து வழியமைக்கும் முறையை 1980இல் வெளியிட்டார்; அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த அறுவைக்குக் கையெழுத்திடும் முன் கதீட்டர் பற்றி மருத்துவரிடம் விரிவாகக் கேளுங்கள். செருகிப் பழகியும் பாருங்கள்.