ஒரே எம்.எல்.ஏ.வைப் பார்த்த தொகுதி: பரங்கிமலையிலிருந்து ஆலந்தூர் வரை

மின்சார ரயிலில் தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்குப் பரங்கிமலை ஒரு ஸ்டேஷன். 1967-லிருந்து பத்து வருஷம் அது ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயராகவும் இருந்தது. அந்தப் பெயரில் நடந்த பொதுத்தேர்தல் இரண்டே இரண்டு, 1967-லும் 1971-லும். இரண்டிலும் ஜெயித்தவர் எம்.ஜி.ஆர். அப்புறம் தொகுதியே இல்லை. 1977-ல் ஆலந்தூர் வந்துவிட்டது. ஆக, தன் ஆயுசு முழுக்க ஒரே ஒரு எம்.எல்.ஏ.வை மட்டும் பார்த்த தொகுதி இது.

பரங்கிமலை என்றதும் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. "குண்டு பாய்ஞ்சுது, கட்டுப் போட்ட படத்தை ஒட்டுனாங்க, ஜெயிச்சுட்டார்." கதை பொய்யில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்டார், எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு. தேர்தல் பிப்ரவரியில். வேட்பாளர் தொகுதிப் பக்கமே வரவில்லை. கழுத்தில் கட்டோடு இருக்கும் படம்தான் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தது. மேலவையில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறாரே தவிர, ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு அவர் நின்றது இதுதான் முதல் தடவை. ஆனால் நேரில் ஒரு ஓட்டுகூடக் கேட்கவில்லை!

என் சந்தேகம் வேறு. அந்த வருஷம் காங்கிரஸ் மாநிலம் பூராவும் தோற்றது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். அரிசிப் பஞ்சம், 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டம், ரூபாய்க்கு மூணு படி வாக்குறுதி என்று எத்தனையோ காரணம். அப்படியிருக்க, பரங்கிமலையில் ஜெயித்தது குண்டா, அலையா? இதை எப்படிப் பிரிப்பது?

நல்லவேளையாக ஒரு வழி இருக்கிறது. 1967-லும் 1971-லும் எம்.ஜி.ஆரை எதிர்த்தவர் ஒரே ஆள், டி.எல்.ரகுபதி. முதல் தடவை காங்கிரஸ், இரண்டாம் தடவை ஸ்தாபன காங்கிரஸ். அதே ஊர், அதே இரண்டு பேர், ஆனால் இந்தத் தடவை குண்டு இல்லை. இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

1967-ல் எம்.ஜி.ஆருக்கு 54,106 ஓட்டு, ரகுபதிக்கு 26,432. வித்தியாசம் 27,674. 1971-ல் எம்.ஜி.ஆருக்கு 65,405, ரகுபதிக்கு 40,777. வித்தியாசம் 24,628.

ஓட்டு கூடியிருக்கிறது, வித்தியாசம் குறைந்திருக்கிறது. இரண்டு பேரும் வாங்கியதை மட்டும் கூட்டிப் பார்த்தால் எம்.ஜி.ஆர். பங்கு 67 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 62-க்கு இறங்கியது. இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? 1971-ல் மாநிலம் போன திசையைப் பாருங்கள். தி.மு.க. 184 இடம். கட்சியின் ஓட்டு விகிதம் சுமார் 40-லிருந்து 48-க்கு மேல் ஏறியது. மாநிலமே தி.மு.க. பக்கம் இன்னும் சாய்ந்த வருஷத்தில், கட்சியின் பெரிய நட்சத்திரம் நின்ற தொகுதி ஒரு அங்குலம் காங்கிரஸ் பக்கம் நகர்ந்திருக்கிறது.

ராஜாஜி காரணமாக இருக்கலாம். 1967-ல் தி.மு.க.வோடு இருந்த சுதந்திரா கட்சி 1971-ல் காமராஜரோடு சேர்ந்துவிட்டது. நங்கநல்லூர், மீனம்பாக்கம் பக்கம் அதற்கு ஓட்டு இருந்திருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டும்தான். ஆனால் அந்த மாற்றம் மாநிலம் முழுக்க நடந்தது. மற்ற இடங்களில் அது தி.மு.க.வைத் தடுக்கவில்லை. அதனால் நான் வருகிற முடிவு இது: குண்டு இல்லாவிட்டாலும் எம்.ஜி.ஆர். 1967-ல் சுலபமாக ஜெயித்திருப்பார். குண்டு தந்தது ஜெயிப்பை அல்ல, மேலே ஒரு சில ஆயிரம் ஓட்டை. நாலு வருஷத்தில் அந்த அனுதாபம் கரைந்துவிட்டது. ரகுபதி என்ற மனிதரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. எம்.ஜி.ஆருக்கு எதிராக நின்று, நாலு வருஷத்தில் தன் ஓட்டை 14 ஆயிரம் கூட்டியவர் என்பதற்காகவாவது ஒரு வரி அவருக்கு வேண்டாமா?

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அ.தி.மு.க. பிறந்தது. திண்டுக்கல்லை அந்தக் கட்சியின் முதல் வெற்றி என்பார்கள், சரிதான். ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்பே, ஒரு ஓட்டும் போடாமல், பரங்கிமலை அ.தி.மு.க. தொகுதி ஆகிவிட்டிருந்தது. 1977-ல் முதலமைச்சராகப் போகிறவர் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார். அப்புறம் மதுரை மேற்கு, ஆண்டிபட்டி. வீடு மட்டும் கடைசிவரை ராமாவரத்தில். தன் வீட்டுப் பக்கம் திரும்ப வந்து நிற்கவே இல்லை.

ஆலந்தூர் தொகுதியின் கதையை முழுக்கச் சொல்லப் போவதில்லை. 1989-லிருந்து மட்டும் பார்ப்போம். 1989 தி.மு.க., 1991 அ.தி.மு.க., 1996 தி.மு.க., 2001 அ.தி.மு.க. (பா.வளர்மதி), 2006 தி.மு.க. (தா.மோ.அன்பரசன்), 2011 அ.தி.மு.க. கூட்டணியில் தே.மு.தி.க.வின் பண்ருட்டி ராமச்சந்திரன். ஒவ்வொரு தடவையும் கோட்டையைப் பிடித்த பக்கமே இங்கேயும். பண்ருட்டியாரைத் தெரியும்தானே? 1991-ல் பா.ம.க.வின் ஒரே எம்.எல்.ஏ.வாக யானை மேல் ஏறி சட்டமன்றத்துக்கு வந்தவர். 2013 டிசம்பரில் அவர் பதவியை விட்டார், 2014-ல் நாடாளுமன்றத் தேர்தலோடு இடைத்தேர்தல்.

அந்த இடைத்தேர்தல்தான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது. தி.மு.க. வேட்பாளர் ஆர்.எஸ்.பாரதி, ஆலந்தூர் நகராட்சித் தலைவராக இருந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஆலந்தூரில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க், லாரி, மழை வந்தால் நாற்றம். அரசாங்கத்துப் பணத்துக்குக் காத்திருக்காமல் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டது நகராட்சி. அந்தக் காலத்து 5,000! தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசி, மக்கள் கட்டினார்கள். மீதிக்குக் கடன். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, சில வருஷம் நடத்தி, ஒப்படைக்கும் ஏற்பாடு. இந்தியாவில் இப்படி ஒரு நகராட்சி செய்தது அபூர்வம். நகர நிர்வாகப் படிப்புகளில் இன்றைக்கும் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

2014-ல் ஊரில் யாரும் அதை மறக்கவில்லை. ஆனாலும் அ.தி.மு.க.வின் வி.என்.பி.வெங்கட்ராமன் 18 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆம் ஆத்மி சார்பில் நின்ற எழுத்தாளர் ஞாநி டெபாசிட் இழந்தார். அன்றைக்கு மாநிலத்தில் 39-ல் 37 இடம் அ.தி.மு.க.வுக்கு. அலை என்று சொல்லிவிட்டுப் போகலாம். சாக்கடை போட்டவருக்கு ஓட்டுப் போடக் கடமையில்லை என்பதும் நியாயம்தான். கட்டிய 5,000 ரூபாய்க்கு வேலை நடந்துவிட்டது, கணக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் 1967-ல் ஒரு படத்துக்குக் கிடைத்த உபரி ஓட்டு, வீட்டு வாசலில் தோண்டிப் போட்ட குழாய்க்குக் கிடைக்கவில்லை.

தொகுதி ஆட்சிக்கு எதிர்ப்பக்கம் போனது 2016-ல். நடுவில் 2015 டிசம்பர் வந்தது. செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் இறங்கி, மணப்பாக்கம், நந்தம்பாக்கம் எல்லாம் மூழ்கின. ஆறு மாசம்கூட ஆகவில்லை, மே மாதம் தேர்தல். மாநிலத்தில் ஜெயலலிதா திரும்ப வந்தார். ஆலந்தூரில் அதே பண்ருட்டியாரை, இப்போது அ.தி.மு.க. வேட்பாளர், சுமார் 19 ஆயிரம் ஓட்டில் அன்பரசன் தோற்கடித்தார். சென்னையின் பல தொகுதிகளும் அப்படித்தான் போயின என்பதால் வெள்ளம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

2021-ல் மறுபடி அன்பரசன், எதிரில் மறுபடி வளர்மதி. வித்தியாசம் 40 ஆயிரத்தைத் தாண்டியது. மாநிலத்திலும் தி.மு.க. ஆட்சி. ஆலந்தூர் பழையபடி கோட்டைப் பக்கம் வந்து நின்றுகொண்டது.