சிற்றுருப் புகையிரதமும் ஊர் வரலாறும்
உடப்பு – பத்துளுஓயாப் பகுதியை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஈழத்து ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயில், கல்வெட்டு, குடியேற்றம், குலமரபு ஆகியவற்றுக்கு அளித்த முதன்மையைப் போக்குவரத்துப் பாதைகளுக்கு அளித்தாரல்லர். ஓர் ஊரின் உற்பத்திப் பொருள் எவ்வழியாக வெளியேறியது, வெளியுலகம் எவ்வழியாக ஊருக்குள் வந்தது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே விடப்பட்டுள்ளன. இவ்வினாக்களை எழுப்பத் தூண்டும் முயற்சி ஒன்று, சிறுவர் விளையாட்டு எனக் கருதப்படும் துறையொன்றில் உள்ளது. அதுவே சிற்றுருப் புகையிரதம் அமைக்கும் கலையாகும். வளர்ந்தவர் ஒருவர் இக்கலையைப் புதிதாகத் தொடங்கி, தம் ஊரையே அதற்குப் பொருளாகக் கொள்வாராயின், அவர் தம்மை அறியாமலே வரலாற்றாசிரியரின் பணியை மேற்கொண்டவராவார். புத்தளம் மாவட்டக் கரையோரத்திலுள்ள உடப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கலையின் தோற்றமும் வளர்ச்சியும்

இங்கிலாந்தில் 1825ஆம் ஆண்டு ஸ்ரொக்ரன் – டார்லிங்டன் பாதை திறக்கப்பட்டதன் பின்னர், புகையிரதத்தைப் போன்ற விளையாட்டுப் பொருள்கள் ஐரோப்பாவிற் பெருகின. எனினும் ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த தண்டவாளத்தில் ஓடாது. ஜேர்மனியைச் சேர்ந்த மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில், அகலம் வரையறுக்கப்பட்ட தண்டவாளத் தொகுதியை அறிமுகஞ் செய்தமை இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். இன்று வாங்கிய பாதையோடு அடுத்த ஆண்டு வாங்கும் பாதையை இணைக்கலாம் என்ற நிலை தோன்றியதும், ஒருநாள் விளையாட்டாக இருந்தது பல்லாண்டு நீடிக்கும் முயற்சியாக மாறியது. இலண்டனில் 1910இல் இக்கலைக்கென ஒரு கழகம் தோன்றியது. அமெரிக்காவில் 1935இல் மில்வாக்கி நகரிற் கூடிய ஆர்வலர்கள், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது நியமங்களை வகுக்கும் சங்கம் ஒன்றை நிறுவினர்.

நம் அயலிலும் இக்கலைக்குச் சான்றுகள் உள. குவாலியர் அரச மாளிகையின் விருந்து மேசையைச் சுற்றி ஓடிய வெள்ளிப் புகையிரதம் செல்வரின் விநோதம் எனலாம். ஆனால் பூனா நகரில் பாவ் ஜோஷி என்பவர் தம் நெடுங்கால ஆர்வத்தின் பயனாக உருவாக்கி, 1998இல் மக்கள் பார்வைக்குத் திறந்துவைத்த சிற்றுருப் புகையிரதக் காட்சிச்சாலை வேறுவகையானது. தனிமனிதர் ஒருவரின் ஓய்வுநேர உழைப்பு ஒரு பொது நிறுவனமாக மலரக்கூடும் என்பதற்கு அது சான்றாகும்.

2. புத்தளப் பாதையும் உடப்பும்

இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. 1867இற் பாதை கண்டியை எட்டியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருதலே அதன் தலையாய நோக்கம். தோட்டப் பயிர் இருந்த இடத்தை நோக்கி விரைந்த பாதை, வடமேற்குக் கரையை நாடக் காலந் தாழ்த்தியது. நீர்கொழும்புக்கு 1909இலும், சிலாபத்துக்கு 1916இலும், புத்தளத்துக்கு 1926இலுமே பாதை வந்தடைந்தது. முதல் வண்டி ஓடி அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே புத்தளம் புகையிரதத்தைக் கண்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அதுவரை இக்கரையோரத்துக்குப் போக்குவரத்து இல்லாதிருக்கவில்லை. ஒல்லாந்தர் காலந்தொட்டுக் கடனீரேரிகளை இணைத்த கால்வாய், நீர்கொழும்பையும் சிலாபத்தையும் புத்தளத்தையும் படகு வழியால் தொடர்புபடுத்தியது. அக்கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்த ஊரே உடப்பு. இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என மரபு கூறும் தமிழ் மக்கள், கரைவலை மீன்பிடியைத் தொழிலாகவும் திரௌபதை அம்மன் கோயிலை வழிபாட்டு மையமாகவும் கொண்டு அங்கு வாழ்கின்றனர். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களும், ஆடி மாதத் தீமிதிப்பும் அவ்வூரின் அடையாளங்கள்.

புகையிரதம் உடப்புக்குள் வரவில்லை. சிலாபத்துக்கு வடக்கே தெதுறு ஓயாவைக் கடந்து, பங்கதெனியா, ஆரச்சிக்கட்டு, ஆனைவிழுந்தான், பத்துளுஓயா, முந்தல், மதுரங்குளி, பாலாவி என உட்புறமாக அமைந்தது அப்பாதை. உடப்பு மக்களுக்கு அண்மையில் வாய்த்தது சில கல் தொலைவிலுள்ள பத்துளுஓயா நிலையமே. நிலையத்துக்கும் ஊருக்கும் இடைப்பட்ட அந்தத் தூரமே உடப்பின் புகையிரத வரலாற்றிற் கருத்தூன்ற வேண்டிய பகுதி எனலாம்.

3. தொடங்குவோர் எடுக்கும் முடிவுகள்

புதிதாகத் தொடங்கும் ஒருவர் பத்துளுஓயாவைச் சிற்றுருவாக்க முற்படுகின்றார் எனக் கொள்வோம். அவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஆண்டாகும். 1930 என்றால் நீராவி எஞ்சின், நிலக்கரி, நீர்த்தொட்டி. 1960 என்றால் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் இலங்கைப் பாதைகளில் ஓடத் தொடங்கிவிட்ட காலம். இரண்டையும் ஒரே மேடையிற் கலந்து வைத்தல் சோழர் காலக் கோயிலுக்கு நாயக்கர் காலக் கோபுரத்தை அமைத்து, இரண்டும் ஒரே காலத்தவை என்பதை ஒக்கும்.

இரண்டாவது, அளவுத்திட்டம். கடைகளிற் பெரிதும் கிடைக்கும் பிரித்தானியச் சிற்றுருக்கள் 1:76 என்னும் அளவின. அவை ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். இதனை 76ஆற் பிரித்தால் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் வரும். ஆகவே கடையில் வாங்கிய பாதையில் நம் வண்டியை வைத்தால், உண்மையளவிற் கணிக்கையில் ஏறத்தாழ 42 சென்ரிமீற்றர் ஒடுங்கிய பாதையில் அது ஓடுவதாகும். இம்முரண்பாடும் ஒரு வரலாற்று விளைவே. பிரித்தானிய எஞ்சின்கள் உருவிற் சிறியவை. அக்கால மோட்டார்கள் அவற்றின் சிற்றுருவுக்குள் அடங்கவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே விட்டு எஞ்சினின் உடலை மட்டும் பெருப்பித்தனர். தொடங்குவோர் இக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். பழகியபின் 22 மில்லிமீற்றர்ப் பாதையைக் கையாலே அமைக்கலாம்.

மூன்றாவது, இடம். ஒரு மைல் தூரம் 1:76 அளவில் 21 மீற்றர் நீளமாகும். எந்த வீட்டிலும் அதற்கு இடமிராது. ஆகவே எதனைச் சுருக்குவது, எதனை விடுவது என்ற தேர்வு தவிர்க்க முடியாதது. அனுபவமுடையோர் தொடக்கத்தில் எட்டடிக்கு நான்கடிப் பலகையொன்றை, அல்லது சுவரோரத் தட்டு ஒன்றையே பரிந்துரைப்பர். ஒரு நிலையம், ஒரு மாற்றுப்பாதை, ஒரு கடவை போதுமானவை. முழுப் பாதையையும் அமைக்கத் தொடங்கியவர்கள் இடைநடுவில் கைவிடுதலே பெரும்பான்மை.

நான்காவது, மின்னோட்டம். 12 வோல்ற்று நேர்மின்னோட்டம் தண்டவாளத்தினூடாகவே எஞ்சினை அடைகின்றது. எண்முறைக் கட்டுப்பாட்டில், ஒரே பாதையில் நிற்கும் பல எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கலாம். தொடங்குவோருக்கு அது இன்றியமையாததன்று. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் இரும்புத் தண்டவாளம் விரைவில் துருவேறும். நிக்கல் வெள்ளி எனப்படும் கலப்புலோகத் தண்டவாளமே அங்கு ஏற்றது; அதனையும் அடிக்கடி துடைத்தல் வேண்டும்.

4. வினாவாக மாறும் வெற்றிடம்

தண்டவாளத்தைப் பொருத்திய பின்னரே உண்மையான சிக்கல் எழும். பலகையில் எஞ்சியுள்ள இடத்தை எதனால் நிரப்புவது? நிலையத்தின் வெளியே மாட்டுவண்டி நின்றதா, தலைச்சுமையாளர் நின்றனரா? கருவாட்டுச் சிப்பங்கள் பனையோலையாற் கட்டப்பட்டனவா, சாக்கினாலா? பெண்கள் எந்த வண்டியில் ஏறிச் சந்தைக்குச் சென்றனர்? தீமிதிக் காலத்தில் வந்த அடியார் நிலையத்திலிருந்து எவ்வழி நடந்தனர்? புகையிரதம் வந்தபின் கால்வாய்ப் படகுகள் எப்போது ஓய்ந்தன?

நிர்வாக அறிக்கைகள் பாதை திறந்த நாளையும் கட்டணத்தையும் வருமானத்தையும் பதிந்துவைக்கும் இயல்புடையன. மேற்கூறிய வினாக்களுக்கு விடை ஊர் முதியோரின் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளது. நீராவி எஞ்சினை இளமையிற் கண்டோர் இன்று எழுபது வயதை அணுகியோ கடந்தோ உள்ளனர். எழுத்தாளன், "மக்கள் பொருள்களைச் சுமந்து சென்றனர்" என ஒரு வாக்கியத்தால் இவ்வெற்றிடத்தைக் கடந்துவிடலாம். சிற்றுரு அமைப்பவனுக்கு அவ்வசதி இல்லை. சுமையின் வடிவம், கூடையின் அகலம், பாதையின் நிறம் ஆகிய அனைத்தையும் அவன் அறிந்தேயாகல் வேண்டும். இக்கட்டாயமே அவனை முதியோரின் திண்ணைக்கு அனுப்புகின்றது.

சிற்றுரு பொய்யுரைக்கவும் கூடும் என்னும் தடை எழுப்பப்படலாம். அது நியாயமானதே. அமைப்பவர் அழகை விரும்பி வறுமையை மறைக்கலாம். நிலையத்தை மட்டும் நிறுவி ஊரை மறந்துவிடலாம். பத்துளுஓயா நிலையம் துல்லியமாக அமைந்து, உடப்புக்குச் செல்லும் வழியும் கால்வாயும் இடம்பெறாதுபோகுமாயின், அது திணைக்களத்தின் வரலாறாகுமேயன்றி மக்களின் வரலாறாகாது. சான்றுள்ளதையும் ஊகித்ததையும் வேறுபிரித்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் இக்குறைக்கு மருந்தாகும். ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு எத்தகையதோ, சிற்றுருவுக்கு அக்குறிப்பேடு அத்தகையது.

கடுகண்ணாவையில் 2014இல் தேசிய புகையிரத அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்கள் அங்குப் பேணப்படுகின்றன. ஆனால் எஞ்சினைப் பேணும் நிறுவனம், அதனை எதிர்நோக்கி மேடையில் நின்ற மக்களையும் பேணும் என எதிர்பார்த்தல் இயலாது. அப்பணி அவ்வவ்வூர் மாணாக்கருக்கு உரியது. விடுமுறையில் ஊர் செல்லும் ஒருவர் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு தம் ஊருக்கு அண்மையிலுள்ள நிலையத்தை அளந்து, அதனருகே வாழ்ந்த முதியோர் இருவரின் கூற்றை எழுதிவரின், பலகையும் தண்டவாளமும் பின்னர் வந்து சேரலாம். அவை வாராதொழியினும், ஊர் வரலாற்றின் ஓர் அத்தியாயம் எழுதப்பட்டிருக்கும்.