இந்திய தேசியக் கால்பந்து அணிகள்
இந்திய அணி என்றதும் ஆண்கள் அணியையே நினைக்கிறோம். அது முழுக் கணக்கல்ல. ஆண்களுக்குப் பெருமைகள் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நாட்டின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூரு சாரங்கபாணி ராமன். நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. 2023 ஜூலை 4 அன்று பெங்களூருவின் கண்டீரவா அரங்கில் குவைத்துடன் 1-1 எனச் சமன் செய்து, பெனால்டியில் 5-4 என வென்று சாஃப் (தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) கோப்பையை ஏந்தினர் ஆண்கள். ஆனால் 2027 ஆசியக் கோப்பைக்கு அவர்கள் தகுதி பெறவில்லை. பெண்களோ 2025இல் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி 2026 ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தனர். 20, 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணிகளும் தத்தம் வயதுப் பிரிவின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. பெண்கள் ஆட்டத்தில் போட்டி குறைவு என்பார்கள். ஆனால் தாய்லாந்து 2015, 2019 பெண்கள் உலகக் கோப்பைகளில் ஆடிய அணி. அந்த வாதம் நிற்காது. இனி நிதி ஒதுக்கீட்டில் முதலிடம் பெண்கள் அணிகளுக்கே உரியது.