துறைமுகத்துக்குள் ஒரு பாய்மரப் படகுக் கிளப்



சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே பாய்மரப் படகு விடும் கிளப் ஒன்று இருப்பது நம் அத்திப்பட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பெயர் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். 1911-ல் தொடங்கியவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். (மறு ஆண்டு கணித மேதை ராமானுஜன் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான்.)

கிழக்கே இருந்த பழைய வாயிலை அடைத்து, வடகிழக்கில் புது வாயில் திறந்தவரும் இவரே. உள்ளே அலை அடங்கியது. துரைமார்கள் அங்கே பாய் விரித்தார்கள்.

சுவருக்கு வெளியே நடந்தது வேறு கதை. நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. கட்டுமரம் ஏற்றி வைக்க மணல் இல்லாமல் போனது நம் மீனவர்களுக்கு. அங்கே கருங்கல் கொட்டிக் கிடப்பது அதனால்தான். படகு விளையாட்டை நான் குறை சொல்லவில்லை. சுவர் எழும்பியது சரக்குக் கப்பலுக்காக. ஆனால் மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் அது எங்கே போக வேண்டிய மணல் என்று கேட்பதில்லை.

2001-ல் எண்ணூர்த் துறைமுகம் நம் ஊர்ப் பக்கமே வந்தது. அதற்கும் அலைதடுப்புச் சுவர்கள் உண்டு. அவற்றுக்கு வடக்கே காட்டுப்பள்ளி, அப்புறம் பழவேற்காடு.