தேநீரைப் பழக்கியது யார்?

"வெள்ளைக்காரன் ஓசியில் கொடுத்துப் பழக்கிவிட்டுப் போய்விட்டான்" என்று தேநீரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 1839இல் அசாம் தேயிலை முதன்முதலாக லண்டனில் ஏலம் போனது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் தோட்டங்கள் பெருகின. இலங்கையில் கொழுந்து கிள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். இவ்வளவுக்குப் பிறகும் மலைக்குக் கீழே பெரும்பாலான தமிழர் வீடுகளில் விடிந்தால் நீராகாரம்தான். வசதி வந்த நடுத்தரக் குடும்பங்கள் காப்பிக்குப் போயின, தேயிலைக்கு அல்ல. கண்ணெதிரே விளைந்த பொருளை இரண்டு தலைமுறை சீந்தவில்லை என்றால், பிறகு எது அவர்களைக் குடிக்க வைத்தது? விளம்பரம் மனித மனதை எப்படி வேண்டுமானாலும் வளைத்துவிடும் என்பவர்கள் இந்த வரலாற்றைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பார்கள். சாட்சியம் வேறு மாதிரி இருக்கிறது. இங்கே ஏற்கெனவே இருந்த களைப்பு, கையிருப்பு, சாதி ஆகியவற்றுக்கு ஏற்பத் தேநீர்தான் தன்னை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தது.

1903இல், வைஸ்ராய் கர்சன் காலத்தில், தோட்ட முதலாளிகளே கேட்டுப் பெற்ற ஒரு தீர்வை ஏற்றுமதித் தேயிலைமீது விதிக்கப்பட்டது. அந்தப் பணம் பிரசாரத்துக்கு. முதலில் அது பெரும்பாலும் வெளிநாட்டுச் சந்தைகளுக்கே போயிற்று. 1929க்குப் பிறகு உலகச் சந்தையில் விலை சரிந்தது. 1933இல் இந்தியாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியாவும் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிக்கொண்டன. மிஞ்சிய தேயிலையை எங்கே தள்ளுவது என்ற நெருக்கடியில்தான் இந்திய வாய்கள் முதலாளிகளின் நினைவுக்கு முழுமூச்சாக வந்தன. அந்தத் தீர்வைப் பணத்தைச் செலவழித்துவந்த குழு 1937இல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் என்று பெயர் மாறியது. சந்தை, திருவிழா, ரயில் நிலையம், மில் வாசல் எங்கும் அதன் ஆட்கள் நின்றார்கள். அவர்களுடைய வேலையில் கூர்ந்து பார்க்க வேண்டியது வீட்டுப் பிரசாரம். ஒரு தெருவைத் தேர்ந்துகொண்டு, தினமும் அதே வேளைக்கு அதே வீடுகளுக்குப் போய், தேநீர் போட்டுக் காட்டி, குடிக்கக் கொடுத்துவிட்டு வருவார்கள். பெண்கள் அந்நிய ஆண்கள்முன் வராத கோஷா முறை உள்ள வீடுகளுக்குப் பெண்களை அனுப்பினார்கள். நம் வழக்கத்தில் வீட்டுக்கு வருபவருக்கு நாம்தான் ஏதாவது கொடுக்க வேண்டும். இங்கே வந்தவர் கொடுத்தார். நேற்று வாங்கிக் குடித்தவர் இன்று கதவைச் சாத்துவது எளிதல்ல. விற்பவருக்கு அது தெரியும். இதைவிட முக்கியமானது "அதே வேளை". சுவை மறந்துபோகும், மணி மூன்று அடிப்பது மறக்காது.

ஆனால் அவர்கள் கற்றுக்கொடுத்த தேநீர் வேறு, நாடு குடிக்கத் தொடங்கிய தேநீர் வேறு. கொதித்த தண்ணீரை இலைமேல் ஊற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, கொஞ்சம் பால் சேர்க்க வேண்டும் என்பது வாரியத்தின் பாடம். தெருவில் விற்றவர்கள் பாலையும் சர்க்கரையையும் தாராளமாகப் போட்டார்கள். இஞ்சியும் ஏலமும் தட்டிச் சேர்த்தார்கள். மசாலா சேர்த்தால் தூள் குறைவாகச் செலவாகிறதே என்பது தேயிலைக்காரர்களின் கவலை. நம் டீக்கடையில் பாய்லர் தண்ணீரைத் துணி வடிகட்டியில் கிடக்கும் டஸ்ட் தூள்மேல் ஊற்றி, இறங்கியதையே மறுபடி ஊற்றி டிகாக்ஷன் எடுப்பார் மாஸ்டர். அதைப் பாலோடு கலந்து, கை எட்டும் உயரத்திலிருந்து இழுத்து ஆற்றி, நுரை தளும்பக் கிளாசில் இறக்குவார். வாரியத்தின் பாடத்தில் இது கிடையாது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் 1930களின் தொடக்கத்தில் அசாமில் உருவானது. அது சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே பரவியதற்கும் இந்தக் கிளாஸ்தான் காரணம்: அந்தக் குருணைத்தூளில் நிறம் சட்டென்று இறங்கும், ஒரு கிலோவுக்குக் கூடுதல் கிளாஸ் கிடைக்கும். தொழிற்சாலை டீக்கடையின் வழிக்கு வந்தது.

இதெல்லாம் எதற்கு, தேயிலையில் உள்ள காஃபினும் கூடச் சேரும் சர்க்கரையுமே ஆளைப் பிடித்துவைக்கப் போதாதா என்று கேட்கலாம். பிடித்துவைக்கும், தொடங்கிவைக்காது. தூண்டும் பொருள் மட்டுமே காரணமென்றால் நீலகிரிக்கு அடிவாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டீக்கடை முளைத்திருக்க வேண்டும். இன்னொரு மறுப்பு கனமானது. களைப்பு தீர்ந்தால் உற்பத்தி கூடும் என்று ஆலை, சுரங்க முதலாளிகளிடம் சொல்லித்தான் முதல் உலகப்போர்க் காலத்திலேயே ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகள் போடப்பட்டன. ஆகவே டீ நேரம் என்பது தொழிலாளியின் மனதைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்கும் உத்தி என்பார்கள். முதலாளியின் நோக்கம் அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தறி ஓட்டியவருக்குக் களைப்பை யாரும் விளம்பரம் செய்து உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் பத்து நிமிடம் உட்காரக் கிடைத்த சாக்கை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். நாளடைவில் அது பறிக்க முடியாத பாத்தியதை ஆயிற்று. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் வைக்கச் சொல்லி உத்தரவிட அரசுக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதிகாரம் கொடுத்தது.

தேசியவாதிகளின் எதிர்ப்பிலும் இதே கதைதான். காந்தி தேநீரை ஏற்கவில்லை. வங்காளத்தில் வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் அதை நஞ்சு என்றே எழுதினார். வாரியம் சுவரொட்டியாலும் பதில் சொன்னது. 1947இல் அன்னதா முன்ஷி வரைந்த அதன் சுவரொட்டியில் ஒரு பெண் ராட்டையருகே தேநீரோடு உட்கார்ந்திருக்கிறாள்; தேநீர் நூற்றுக்கு நூறு சுதேசி என்கிறது வாசகம். எதிர்த்தவர்களின் சின்னத்தையே எடுத்து வியாபாரம் உடுத்திக்கொண்டது.

இப்படி வளைந்து கொடுக்கும் குணத்தைப் புகழ்வதற்குமுன் தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடையைப் பார்க்க வேண்டும். டீக்கடை எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது என்ற பெருமை நகரத்தில் ஓரளவு பொருந்தும். ஊர்ப்புறத்தில், மற்ற சாதி வாடிக்கை போய்விடும் என்று பயந்த கடைக்காரர்கள் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு 1950இலேயே தீண்டாமையை ஒழித்திருந்தும், இந்த நூற்றாண்டிலும் இரட்டைக் குவளை பதிவாகியிருக்கிறது. இருக்கும் மனதுக்கு ஏற்ப நடப்பதே வியாபாரம் என்றால், அந்த மனதை மாற்றும் பொறுப்பை அதனிடம் விட முடியாது. குவளை ஒன்றான ஊர்களில் அதற்காகப் போராடியவர்கள், அந்தத் தனிக் குவளையில் குடிக்க மறுத்தவர்கள்தான்.